படிக்கும் உரிமையும் பொது நூலகமும்

படிக்கும் உரிமை நடைமுறையில் நிலைக்க மூன்று தேவைகள் உண்டு. புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதைத் தடுக்க நினைப்பவர் யாராக இருந்தாலும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். படித்ததை எடைபோட்டுப் பார்க்கும் பயிற்சி வாசகருக்கு வாய்த்திருக்க வேண்டும். முதலாவதை நூலகத்துக்கும் இரண்டாவதை நீதிமன்றத்துக்கும் மூன்றாவதைப் பள்ளிக்கூடத்துக்கும் ஒதுக்கிவிடுவது வழக்கம். தமிழகத்தின் நூலக வரலாற்றை ஊன்றிப் பார்த்தால் இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து வளர்ந்தவை என்பது தெரியும். புத்தகமே இல்லாத ஊரில் தடையை நீக்கிப் பயனில்லை. தடை எங்கே வருமோ என்று அஞ்சும் நூலகத்தில் அலமாரி நிறைந்திருந்தும் பயனில்லை. எதை நம்புவது என்று தெரியாத வாசகருக்கு இரண்டும் இருந்தும் உரிமை முழுமையாகக் கைவருவதில்லை.

1. சட்டமாக மாறிய நூலகம்

சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகம் 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. கட்டடமும் வாசிப்புக்கூடமும் சிறப்பாக அமைந்தன. ஆயினும் மாகாணத் தலைநகரில் ஒரு பெரிய நூலகம் இருப்பதால் தஞ்சைக் கிராமத்து உழவருக்கோ நெல்லைச் சீமை நெசவாளருக்கோ புத்தகம் கிடைத்துவிடாது. அந்த இடைவெளியை நிரப்ப வழி தேடியவர்களில் முதன்மையானவர் சீர்காழி இரா. அரங்கநாதன். 1892இல் பிறந்து, கணிதப் பேராசிரியராகப் பணியாற்றி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு இலண்டனுக்குப் பயிற்சிக்குச் சென்றார். அங்கே நூலகம் நகராட்சியின் அன்றாடப் பணிகளில் ஒன்றாக நடப்பதையும், எளிய தொழிலாளர் குடும்பங்கள் அதை உரிமையோடு பயன்படுத்துவதையும் கண்டார். திரும்பி வந்ததும் பல்கலைக்கழக நூலகத்தில் அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். வேண்டிய புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த வாசகர், தாமே நடந்து சென்று எடுத்துப் புரட்டிப் பார்க்கும் நிலை வந்தது.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. வண்டிக்குள் அடுக்கிய புத்தகங்கள் ஊர் ஊராகச் சென்றன. எழுத்தறிவே குறைவாக இருந்த காலத்தில் புத்தகம் ஊர் தேடி வந்தது, படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும் பழக்கத்துக்கும் துணையாயிற்று. அரசியல் இயக்கங்களும் இதே பழக்கத்தைப் பற்றிக்கொண்டன. தேசிய இயக்கத்தாரும் தொழிற்சங்கத்தாரும் திராவிட இயக்கத்தாரும் தெருமுனைகளில் நடத்திய படிப்பகங்களில் நாளிதழ் ஒன்றைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்தார்கள். ஒரே செய்தியைப் பலர் சேர்ந்து கேட்டு, மறுத்து, விவாதித்த இடங்கள் அவை.

நன்கொடையாளரின் விருப்பத்தை மட்டும் நம்பி நூலகம் நடக்கக் கூடாது, அதற்குச் சட்டமும் வரி வருவாயும் வேண்டும் என்று அரங்கநாதன் 1930ஆம் ஆண்டு முதல் வலியுறுத்தி வந்தார். மாதிரிச் சட்ட முன்வரைவையும் தாமே எழுதினார். ஏறத்தாழ இருபது ஆண்டு முயற்சிக்குப் பிறகு, தி. சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் சென்னைப் பொது நூலகங்கள் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுதான். 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் கன்னிமாரா மாநில மைய நூலகமாயிற்று. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது. வீட்டுவரி கட்டும் ஒவ்வொருவரும் அதனோடு சேர்த்து நூலக வரியும் கட்டும் ஏற்பாடு உருவாயிற்று. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று இன்று நான்காயிரத்துக்கு மேல் வளர்ந்திருக்கும் அமைப்புக்கு அந்தச் சட்டமே வேர்.

இந்த வரியின் பொருள் பெரிது. நூலகத்துக்குள் நுழையும் வாசகர் யாருடைய தயவையும் நாடி வரவில்லை. தம் குடும்பமும் தம் தெருவும் கட்டிய பணத்தில் வாங்கிய புத்தகத்தைக் கேட்டு வருகிறார். அந்தப் புத்தகத்தை மறுப்பவர் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2011 நவம்பரில் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம் மாற்றி, அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. அது திறந்து ஓராண்டு சற்றே கடந்திருந்த நேரம். வாசகர்களும் எழுத்தாளர்களும் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். இடைக்காலத் தடை கிடைத்தது. நூலகம் இருந்த இடத்திலேயே நிலைத்தது. பொது நூலகம் மக்கள் சொத்து என்ற உணர்வு அறுபது ஆண்டுகளில் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பதற்கு அது சான்று.

2. ஐந்து விதிகளுக்குள் இருக்கும் உரிமை

அரங்கநாதனின் நூலக அறிவியலின் ஐந்து விதிகள் 1931இல் நூலாக வந்தன. புத்தகங்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமித்தல், நூலகம் வளரும் உயிரி என்பவை அவற்றின் சாரம். உலகெங்கும் நூலகவியல் வகுப்புகளில் இவை கற்பிக்கப்படுகின்றன. பெரும்பாலும் நிர்வாக நெறிகளாகவே இவற்றை விளக்குவது வழக்கம். படிக்கும் உரிமையின் கண்கொண்டு பார்த்தால் இவற்றின் வீச்சு இன்னும் விரிகிறது.

இரண்டாம் விதி ஒவ்வொரு வாசகரையும் கணக்கில் எடுக்கிறது. ஆணும் பெண்ணும், நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும், பார்வையற்றவரும் சிறையில் இருப்பவரும் அதில் அடக்கம். யாருக்கு எந்தப் புத்தகம் உரியது என்பதைச் சாதியோ பாலோ வருமானமோ தீர்மானிக்க இவ்விதி இடம் தரவில்லை. மூன்றாம் விதி புத்தகத்தின் பக்கம் நின்று பேசுகிறது. பெரும்பான்மையோருக்குப் பிடிக்காத நூலுக்கும் எங்கோ ஒரு வாசகர் இருப்பார். அவரிடம் அதைச் சேர்ப்பது நூலகரின் வேலை. நான்காம் விதியின் உயிர்நாடி உசாத்துணைப் பணி. தேடி அலுத்த வாசகர் வெறுங்கையோடு திரும்பிப் போனால், புத்தகம் அலமாரியில் இருந்தும் அவரைப் பொறுத்தவரை இல்லாததாகவே ஆகிவிடுகிறது.

அமெரிக்க நூலகர்கள் இதே காலத்தில் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார்கள். ஐரோப்பாவில் புத்தகங்கள் கொளுத்தப்பட்ட காலத்தில், 1939இல் அமெரிக்க நூலகச் சங்கம் நூலக உரிமைச் சாசனத்தை ஏற்றது. அரசியல் சந்தேகம் அந்நாட்டைப் பீடித்திருந்த 1953இல் படிக்கும் சுதந்திரம் பற்றிய அறிக்கை வெளியாயிற்று. யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை 1949இல் தொடங்கிப் பலமுறை திருத்தம் பெற்றது. நூல் தொகுப்பு எவ்வகைக் கருத்தியல், அரசியல், சமயத் தணிக்கைக்கும் உட்படக் கூடாது என்று அதன் 1994ஆம் ஆண்டு வடிவம் தெளிவாகக் கூறுகிறது.

3. தடையின் வழிகள்

புத்தகத்தைத் தடுக்கும் வழிகள் பல. சட்டத்தின் வழி வருவது ஒன்று. 1928இல் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாயிருந்த பர்மாவின் அரசு பாரதியின் நாட்டுப் பாடல்களைத் தடை செய்தது. அதைத் தொடர்ந்து சென்னை மாகாண அரசும் படிகளைப் பறிமுதல் செய்தது. பாரதி மறைந்து ஏழு ஆண்டு ஆகியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள்கூட அவர் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அந்த ஆண்டு அக்டோபரில் சென்னைச் சட்டமன்றத்தில் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்; தீர்மானம் நிறைவேறியது. ஒரு புத்தகத்தின் மீதான தடை பொது அவையில் விவாதப் பொருளானதே அந்நிகழ்வின் வெற்றி.

அன்று பயன்பட்ட சட்டப் பிரிவு பெயரும் எண்ணும் மாறி இன்றும் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 99ஏ என்று இருந்தது 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 95ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 98ஆம் பிரிவு. மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டு ஒரு நூலின் படிகள் அனைத்தையும் பறிமுதல் செய்யலாம். அப்படிச் செய்யும்போது தன் கருத்துக்கான காரணங்களை அந்த அறிவிக்கையிலேயே சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம்.

காரணம் சொல்ல வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையின் வலிமையைத் தமிழ் நூல் ஒன்றின் வழக்கே நிறுவியது. பெரியாரின் இராமாயண ஆய்வு ஆங்கிலம் வழியாக இந்திக்குச் சென்றது. அதை வெளியிட்டவர் லலாய் சிங் யாதவ். உத்தரப்பிரதேச அரசு 1969இல் அந்நூலைப் பறிமுதல் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1971இல் அந்த ஆணையை நீக்கியது. அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 1976இல் தள்ளுபடி செய்தது. நெருக்கடி நிலை நாட்டைச் சூழ்ந்திருந்த ஆண்டு அது. நூலின் கருத்து சரியா தவறா என்ற ஆராய்ச்சிக்குள் போகாமல், அரசு தன் காரணங்களைச் சொல்லத் தவறியது என்ற அடிப்படையிலேயே வழக்கு முடிந்தது. கருத்தோடு உடன்படாதவருக்கும் பாதுகாப்புத் தரும் நெறி அது.

இரண்டாவது வழியில் சட்டத்தின் சாயலே இருக்காது. பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல் 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டு கழித்துத் திருச்செங்கோட்டில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த சமாதானக் கூட்டத்தில் எழுத்தாளர் பின்வாங்கும் நிலை ஏற்பட்டது. தாம் எழுத்தை விட்டுவிட்டதாக அவர் அறிவித்தார். அந்நாவல் மீது அரசு எந்த அறிவிக்கையும் வெளியிடவில்லை, எந்தக் காரணமும் பதிவாகவில்லை, மேல்முறையீடு செய்ய ஓர் ஆணைகூட இல்லை. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சமாதான உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் விடும் உரிமை எவருக்கும் உண்டு என்பதையும் அத்தீர்ப்பு நினைவூட்டியது. கூட்டத்தின் நெருக்கடிக்கு அஞ்சி எழுந்த தடை சட்டத் தடையைவிடக் கொடியது. எதிர்த்து வழக்காட ஓர் ஆணைத் தாள்கூட அங்கே கிடைப்பதில்லை.

மூன்றாவது வழி நெருப்பு. யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா 1933இல் தம் வீட்டில் சிறிதாகத் தொடங்கிய நூலக முயற்சி ஊராரின் பொருளுதவியால் வளர்ந்தது. அரங்கநாதன் அதற்கு ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவமைத்த கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு, தேர்தலையொட்டிய வன்முறையில், காவல்துறையினர் உள்ளிட்ட கும்பல் அதைக் கொளுத்தியது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் அவற்றோடு போயின. அந்த இழப்பின் கனம் ஈழத்தமிழரின் நெஞ்சில் இன்றும் இருக்கிறது. கட்டடம் பின்னர் மீண்டெழுந்தது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலகத் திட்டம் ஈழத்து வெளியீடுகளைத் தேடித் தேடி எண்ணிம வடிவில் சேர்த்துவருகிறது. அழிவுக்கு அந்தச் சமூகம் தந்த விடை ஆவணப்படுத்தலே.

நான்காவது வழி யார் கண்ணிலும் படாதது: வாங்காமல் விடுவது. எந்த நூலகமும் எல்லாப் புத்தகங்களையும் வாங்க முடியாது. தேர்வு தவிர்க்க முடியாதது. தேர்வுக்கும் தணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்க நூலகவியல் அறிஞர் லெஸ்டர் ஆஷைம் 1953இல் தெளிவாக்கினார். தேர்வாளர் ஒரு நூலை வைத்துக்கொள்வதற்கான காரணத்தைத் தேடுகிறார். தணிக்கையாளர் தள்ளுவதற்கான காரணத்தைத் தேடுகிறார். சர்ச்சை வரும் என்ற அச்சத்தில் ஒரு நூலைப் பட்டியலிலிருந்து நீக்கும் நூலகர், ஆணை எதுவும் இல்லாமலேயே தடையை நிறைவேற்றிவிடுகிறார். தமிழகத்தில் பதிப்பாளர் பலர் நூலகங்களின் கொள்முதல் ஆணையை நம்பியே அச்சிடுவதால், இந்தத் தேர்வின் விளைவு அலமாரியோடு நிற்பதில்லை. எந்தப் புத்தகம் எழுதப்படும் என்பது வரைக்கும் நீள்கிறது.

4. வாசகரின் அந்தரங்கம்

என்ன படிக்கிறோம் என்பதை மற்றவர் கவனிக்கிறார் என்று தெரிந்தால் வாசகர் தயங்குவார். பால்வினை நோய் பற்றியோ மதமாற்றம் பற்றியோ மணமுறிவுச் சட்டம் பற்றியோ அறிய விரும்புபவருக்கு இந்தத் தயக்கம் கூடுதல். பழைய இரவல் முறை ஒன்று இதற்குத் தீர்வை இயல்பாகவே கொண்டிருந்தது. நினா பிரவுன் என்ற அமெரிக்க நூலகர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த அந்த முறை தமிழக நூலகங்களில் நெடுங்காலம் வழங்கியது. புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டிய பையில் அதன் அட்டை இருக்கும். வாசகர் கையில் தம் பெயர் எழுதிய சிறு உறை போன்ற சீட்டு இருக்கும். புத்தகம் எடுக்கும்போது நூலகர் புத்தக அட்டையை உருவி வாசகர் சீட்டுக்குள் செருகி, திருப்ப வேண்டிய தேதிக்குப் பின்னால் தட்டில் அடுக்குவார். திருப்பித் தந்ததும் அட்டை புத்தகத்துக்கும் சீட்டு வாசகருக்கும் போய்விடும். யார் எதைப் படித்தார் என்பதற்கு அதன்பின் ஒரு சுவடும் மிஞ்சாது.

கணினி வந்த பிறகு நிலைமை மாறியது. ஒவ்வொரு இரவலும் பதிவாகிறது. அழிக்காவிட்டால் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் அறிவித்துள்ளது. புத்தகம் திரும்பியதும் வாசகர் பெயருக்கும் அதற்கும் உள்ள தொடர்பை நீக்கும்படி மென்பொருளை அமைப்பது கடினமான வேலையன்று. பழைய அட்டை முறை தந்த பாதுகாப்பைக் கணினி குறைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது நூலகத் துறையின் கடமை.

5. தகவல் எழுத்தறிவு

தகவல் எழுத்தறிவு என்ற கருத்தை 1974இல் அமெரிக்க நூலக ஆணையம் ஒன்றுக்கு அளித்த அறிக்கையில் பால் சுர்கோவ்ஸ்கி முன்வைத்தார். அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு 1989இல் அதற்கு இன்றுவரை வழங்கும் விளக்கத்தைத் தந்தது. தகவல் எப்போது தேவை என்று உணர்தல், அதைக் கண்டெடுத்தல், மதிப்பிடுதல், தக்கவாறு பயன்படுத்துதல் ஆகிய நான்கும் சேர்ந்ததே அது. 2005இல் அலெக்சாந்திரியாவில் வெளியான பிரகடனம் இதை மனித உரிமையோடு இணைத்தது.

நடைமுறையில் இது எப்படி இயங்குகிறது என்பதற்கு வாட்சாப்பில் ஓயாமல் சுற்றும் மெக்காலே கூற்று நல்ல சான்று. இந்தியா முழுவதும் சுற்றியபோது ஒரு பிச்சைக்காரரையும் திருடரையும் காணவில்லை என்றும், இந்த நாட்டின் பண்பாட்டு முதுகெலும்பை முறித்தால்தான் வெல்ல முடியும் என்றும், 1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக அச்செய்தி சொல்லும். பழைய எழுத்துருவில் அச்சிட்ட படமும் கூடவே வரும்.

சரிபார்க்க விரும்பும் வாசகர் முதலில் தேதியைப் பற்றிக்கொள்கிறார். மெக்காலேயின் வாழ்க்கை வரலாற்றை எடுத்தால், அவர் 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கியதும், தலைமை ஆளுநர் அவையின் உறுப்பினராகக் கல்கத்தாவில் பணியாற்றியதும், 1838இல்தான் நாடு திரும்பியதும் தெரியவருகிறது. குறிப்பிட்ட நாளில் அவர் இலண்டனில் இருக்கவே வழியில்லை. அடுத்து, அந்தத் தேதியில் அவர் என்ன செய்தார் என்ற கேள்வி. புகழ்பெற்ற கல்விக் குறிப்பை அவர் எழுதியது அந்த நாளில்தான். எச். ஷார்ப் தொகுத்து 1920இல் வெளிவந்த கல்வி ஆவணத் தொகுப்பின் முதற்பகுதியில் அது முழுமையாக இருக்கிறது. அதில் பிச்சைக்காரரும் இல்லை, முதுகெலும்பும் இல்லை. இந்திய, அரபு இலக்கியங்கள் அனைத்தையும் ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஓர் அலமாரித் தட்டுக்கு ஈடாக்கிய இறுமாப்பும், ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் வகுப்பை உருவாக்கும் திட்டமும் இருக்கின்றன.

இந்தச் சரிபார்ப்பு மெக்காலேயை நிரபராதியாக்கவில்லை. அவருடைய உண்மையான சொற்களை வைத்து அவரைக் கண்டிக்க வாசகருக்கு வலிமை தருகிறது. பொய்யான மேற்கோளை நம்பியவர் ஒரு நொடியில் மறுப்புக்கு ஆளாவார். மூல ஆவணத்தைப் படித்தவரை அசைக்க முடியாது. தகவல் எழுத்தறிவின் பயன் இதுவே. எவருடைய கருத்தையும் மாற்றுவது அதன் வேலையாக இருப்பதில்லை. கருத்துக்கு உறுதியான அடித்தளம் அமைப்பதே அதன் வேலை.

இணையத்தில் இத்திறன் எப்படிச் செயல்படுகிறது என்பதை சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வரலாற்றாசிரியர் 10 பேர், தொழில்முறைச் சரிபார்ப்பாளர் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர் 25 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்களே தளத்தின் தோற்றத்தையும் முகவரியையும் நம்பித் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நெடுநேரம் தங்கவில்லை. உடனே வேறு தளங்களைத் திறந்து, இதை நடத்துவது யார், பிறர் இதைப் பற்றிச் சொல்வது என்ன என்று தேடினார்கள். ஒரு நூலை இன்னொரு நூலோடு ஒப்பிடும் நூலகப் பழக்கம் இணையத்திலும் அப்படியே பயன்படுகிறது. மதுரைத் திட்டம் 1998 முதல் வழங்கும் மின்பதிப்புகளும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள பழைய அச்சுப் பிரதிகளும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் காக்கும் அரிய சேகரமும் தமிழில் இத்தகைய ஒப்பீட்டுக்குக் களம் அமைத்திருக்கின்றன.

தகவல் எழுத்தறிவு தடைக்கு மாற்றாகவும் நிற்கிறது. பொய்யும் வெறுப்பும் கலந்த நூல்களிலிருந்து மக்களைக் காக்கத் தடை வேண்டும் என்ற வாதம், வாசகருக்குப் பகுத்துணரும் ஆற்றல் இல்லை என்ற எண்ணத்தின் மீது எழுகிறது. அந்த ஆற்றலைக் கற்றுத்தர முடியும் என்பது உறுதியானால் அவ்வாதத்தின் பெரும்பகுதி வலுவிழக்கிறது.

6. கிளை நூலகத்தில் செய்ய வேண்டுவன

மேற்கண்ட கொள்கைகளைச் செயலாக்கும் இடம் கிளை நூலகம். அங்கே உடனடியாகச் செய்யத்தக்கவை ஐந்து.

முதலாவது, நூல் தேர்வுக் கொள்கை எழுத்தில் இருக்க வேண்டும். வாசகர் எவரும் அதைக் கேட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும். இரண்டாவது, ஒரு நூலை நீக்கக் கோருபவர் அந்நூலைப் படித்துவிட்டு, ஆட்சேபத்தைப் பக்க எண்ணோடு எழுத்தில் தர வேண்டும். முடிவையும் அதற்கான காரணத்தையும் நூலகம் எழுத்தில் தர வேண்டும். முடிவு வரும்வரை நூல் அலமாரியிலேயே இருக்க வேண்டும். பறிமுதல் செய்யும் அரசிடம் சட்டம் எதிர்பார்க்கும் நெறியை நூலகமும் தனக்கு விதித்துக்கொள்வது முறை. மூன்றாவது, இரவல் வரலாறு தேவை முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும்.

நான்காவது, வாசகர் வட்டக் கூட்டங்களில் மாதம் ஒருமுறையேனும் சரிபார்ப்புப் பயிற்சி நடக்க வேண்டும். அந்த வாரம் ஊரில் சுற்றிய ஒரு செய்தியை எடுத்து, மூலம் தேடி, நாளிதழ் தொகுப்போடும் நூலோடும் ஒப்பிட்டு முடிவு காண்பது போதுமானது. போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் இளைஞர்கள் இன்று நூலகங்களை நிறைக்கிறார்கள். வினா விடைத் தொகுப்புகளில் மலிந்துள்ள பிழைகளைக் கண்டறிய இப்பயிற்சி அவர்களுக்கு நேரடியாக உதவும்.

ஐந்தாவது, இவை அனைத்தையும் நடத்தப் பயிற்சி பெற்ற, நிலையான ஊதியம் பெறும் நூலகர் வேண்டும். கூட்டத்தின் மிரட்டலுக்கும் மேலிடத்தின் வாய்மொழி உத்தரவுக்கும் பணியாமல் நிற்க, பணிப் பாதுகாப்பு இல்லாதவரால் இயலாது. அரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயை மனைவி சாரதாவின் பெயரால் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து நூலகவியல் பேராசிரியர் பதவியை நிறுவினார். கட்டடமும் புத்தகமும் இருந்தாலும் தகுதி வாய்ந்த மனிதர் இல்லாமல் நூலகம் இயங்காது என்பதை அறிந்தே அக்கொடை அமைந்தது. நூலக வரியாகத் திரளும் பணத்தில் புத்தகத்துக்கு எவ்வளவு முன்னுரிமை உண்டோ அவ்வளவு முன்னுரிமை நூலகர் பணியிடங்களை நிரப்புவதற்கும் உண்டு. புத்தகம், காரணம் கேட்கும் சட்டம், எடைபோடும் வாசகர் ஆகிய மூன்றையும் ஒவ்வோர் ஊரிலும் இணைத்து வைப்பவர் நூலகரே.